முட்டி மாற்று ஆபரேஷன்: மேசையில் முடிவது பாதி, வீட்டில் முடிவது மீதி

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்த பழைய வேலூர் மாவட்டத்தில் முட்டி வலி இல்லாத தெரு கிடையாது. ஒரு பக்கம் "ஆபரேஷன் அன்றே நடக்கலாம்" என்று விளம்பரம் வருகிறது. இன்னொரு பக்கம் "பக்கத்து வீட்டம்மா மாத்திக்கிட்டாங்க, இன்னும் நொண்டிக்கிட்டுதான் இருக்காங்க" என்று பேச்சு வருகிறது. இரண்டும் பொய்யல்ல. அன்றே எழுந்து நடப்பதும் நடக்கிறது, ஆறு மாதம் கழித்து நொண்டுவதும் நடக்கிறது. இரண்டுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதைத்தான் யாரும் விரிவாகச் சொல்வதில்லை.

முட்டிக்குள் தேய்வது எது?

முட்டியில் மூன்று எலும்புகள் சந்திக்கின்றன. மேலே தொடை எலும்பின் உருண்ட அடிமுனை, கீழே கணைக்கால் எலும்பின் தட்டையான மேல்முனை, முன்னால் முட்டிச் சில்லு. எலும்போடு எலும்பு உரசாதபடி இந்த முனைகளின் மேல் சில மில்லிமீட்டர் தடிமனில் வழவழப்பான குருத்தெலும்பு படர்ந்திருக்கிறது. அதற்கு ரத்த ஓட்டம் கிடையாது. அதனால் தோல் கிழிந்தால் மூடிக்கொள்வதுபோல அது தானாக வளர்ந்து மூடிக்கொள்ளாது. தேய்ந்தது தேய்ந்ததுதான்.

பெரும்பாலும் உட்பக்கம்தான் முதலில் தேயும். அந்தப் பக்கம் உயரம் குறைந்ததும் கால் வெளிப்பக்கமாக வில்போல வளையும். வளைந்த காலில் உட்பக்கத்துக்கு இன்னும் பாரம் ஏறும், தேய்மானம் வேகமெடுக்கும். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் வேலையில் இருக்கும் பெண்களையும், தறிக்குழியில் பல ஆண்டு உட்கார்ந்தவர்களையும் பார்த்தால் இந்த வளைவு கண்ணுக்கே தெரியும். வயது, உடல் எடை, பழைய அடி, பரம்பரை ஆகிய நான்கும் சேர்ந்தே காரணம். நாள் முழுக்கக் குந்தியும் சம்மணமிட்டும் செய்யும் வேலை அதன் மேல் கூடுதல் சுமை.

எல்லா முட்டி வலியும் தேய்மானம் அல்ல. சிக்குன்குனியா வந்து போனபின் மாதக்கணக்கில் நீடிக்கும் வலி வேறு. காலையில் எழுந்ததும் விரல், மணிக்கட்டு, முட்டி எல்லாம் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு முதலில் மாத்திரை மருத்துவம்தான், கத்தி அல்ல.

யாருக்கு ஆபரேஷன் வேண்டும்?

எக்ஸ்ரே மட்டும் பார்த்து முடிவெடுப்பது தவறு. "எலும்போடு எலும்பு ஒட்டிவிட்டது" என்ற எக்ஸ்ரேயோடு வயலுக்குப் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இப்போது ஆபரேஷன் தேவையில்லை. எக்ஸ்ரேயும் நின்றபடி எடுத்ததாக இருக்க வேண்டும். படுத்து எடுத்த படத்தில் பாரம் ஏறாது, இடைவெளி இருப்பதுபோல ஏமாற்றும்.

கீழுள்ளவற்றில் முதலாவதும், மற்றவற்றில் ஒன்றிரண்டும் சேர்ந்திருந்தால் ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம்:

1. நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் முற்றிய தேய்மானம் தெரிகிறது.
2. இரவில் வலி தூக்கத்தைக் கெடுக்கிறது.
3. தெருமுனைக் கடை வரை நிற்காமல் போக முடியவில்லை.
4. சில மாதம் ஒழுங்காகப் பயிற்சி, எடைக் குறைப்பு, மாத்திரை எல்லாம் செய்தும் பலன் இல்லை.
5. கால் வளைவு ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது, அல்லது முட்டியை முழுவதும் நீட்ட முடியவில்லை.

நான்காவதை ஏமாற்றக் கூடாது. ஒரு கிலோ எடை குறைந்தால், நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முட்டியின் மேல் இறங்கும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது. ஐந்து கிலோ குறைத்து, தொடைத் தசையை வலுப்படுத்தி, கைத்தடி பிடித்தால் பலருக்கு ஆபரேஷன் சில ஆண்டுகள் தள்ளிப் போகும். தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். ஊரில் பாதிப் பேர் வலிக்கும் பக்கமே பிடிக்கிறார்கள், பாரம் குறைவதில்லை.

முட்டிக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியைக் குறைக்கும். ஆனால் அந்த ஊசி போட்டு மூன்று மாதம் ஆகும் முன் ஆபரேஷன் செய்தால் கிருமித்தொற்று வாய்ப்பு கூடும். ஊசி போட்ட தேதியை டாக்டரிடம் மறைக்க வேண்டாம். குருத்தெலும்பை மீண்டும் வளர்ப்பதாகச் சொல்லி விற்கும் ஊசியோ பொடியோ, தேய்ந்து தீர்ந்த முட்டியில் அதை வளர்த்துக் காட்டியதில்லை. புத்தூர்க் கட்டுக்குப் போகும் பழக்கம் நம் பக்கம் உண்டு. அது எலும்பு முறிவுக்கான கட்டு. தேய்ந்த முட்டியைக் கட்டினால் தேய்மானம் திரும்பாது.

மேசையில் என்ன செய்கிறார்கள்?

"முட்டியை எடுத்துவிட்டு இரும்பு வைக்கிறார்கள்" என்ற பயம் பலருக்கு. முட்டியை எடுப்பதில்லை. சொத்தைப் பல்லின் மேற்புறத்தை இழைத்துவிட்டுக் கேப் போடுவதுபோல, தேய்ந்த முனைகளைச் சீவி மேலே உறை போடுகிறார்கள். எலும்புகளைப் பிணைக்கும் பக்கவாட்டு நார்களும் தசையும் உங்களுடையவையே.

பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரத்துப்போக வைப்பார்கள். தோலில் கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஊசி போகும். பிறகு வரிசையாக:

1. முட்டிக்கு முன்னால் நீளவாக்கில் ஏறக்குறைய ஒரு சாண் கீறல். சில்லை ஒதுக்கி மூட்டைத் திறப்பார்கள்.
2. தொடை எலும்பின் அடிமுனையில் சுமார் 9 மில்லிமீட்டர் சீவல். கணைக்கால் எலும்பின் மேல்முனையிலும் ஏறக்குறைய அதே அளவு. கால் நேராகும்படி கோணம் பார்த்து வெட்டுவதுதான் இதில் கைத்திறன்.
3. மாதிரி உறைகளை மாட்டி, காலை நீட்டியும் மடக்கியும் பார்ப்பார்கள். இருபக்க நார்களும் சம இறுக்கமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் தளர்ந்தால் நடக்கும்போது ஆடும், அதிகம் இறுகினால் மடங்காது.
4. எலும்பைக் கழுவித் துடைத்து, எலும்பு சிமென்ட் தடவி நிஜ உறைகளைப் பொருத்துவார்கள். பிசைந்த மாவுபோல இருக்கும் சிமென்ட் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கல்லாகிவிடும். அதுவரை காலை அசையாமல் பிடித்திருப்பார்கள்.
5. நடுவில் கடினமான பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் தட்டு. இனி உங்கள் குருத்தெலும்பு அதுதான். பிறகு தையல் அல்லது ஸ்டேப்பிள்.

மொத்தம் ஒன்று முதல் இரண்டு மணி நேரம். தொடைப்பக்க உறை பொதுவாகக் கோபால்ட்–குரோமியம், கீழ்த்தட்டு டைட்டானியம் அல்லது கோபால்ட்–குரோமியம். உட்பக்கம் மட்டுமே தேய்ந்து நார்கள் நன்றாக இருந்தால் பாதி முட்டியை மட்டும் மாற்றும் வழியும் உண்டு. கேட்டுப் பார்ப்பது நல்லது.

ரோபோ பற்றி இரண்டு வரி போதும். ரோபோ தானாக ஆபரேஷன் செய்வதில்லை. சீவும் கோணத்தைத் துல்லியமாக்க டாக்டருக்கு உதவுகிறது. பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து முட்டி இன்னும் நன்றாக இருக்கும் என்பதற்கு உறுதியான சான்று இதுவரை இல்லை. அதற்காகக் கடன் வாங்க வேண்டாம். வாரத்துக்குப் பல முட்டி மாற்றும் டாக்டரின் கை அதைவிட முக்கியம்.

அட்மிஷனுக்கு முன்

இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டால் பின்னால் கிருமித்தொற்றாக வந்து நிற்கும்.

1. சர்க்கரை: மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி சோதனை 8–க்குக் கீழே வர வேண்டும் என்பதே பலர் கடைப்பிடிக்கும் எல்லை. கூடுதலாக இருந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போடச் சொல்லும் டாக்டர் நல்ல டாக்டர்.
2. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை சர்க்கரை மாத்திரைகளை மூன்று நாள் முன்னதாக நிறுத்தச் சொல்வார்கள். பட்டினியோடு சேர்ந்தால் ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் போட்டு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.
3. இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் காக்கும் குளோபிடோக்ரல் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை இதய டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.
4. பல் சொத்தை, சிறுநீர்த் தொற்று, காலில் ஆறாத புண், விரலிடுக்குச் சேற்றுப்புண், ஆழமான பித்தவெடிப்பு ஆகியவற்றை முதலில் ஆற்ற வேண்டும். அங்கிருக்கும் கிருமி ரத்தம் வழியாக உலோகத்தில் போய் ஒட்டும்.
5. பீடி, சிகரெட் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிற்க வேண்டும். புகை, காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.
6. தொடைத் தசைப் பயிற்சியை ஆபரேஷனுக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். பிறகு புதிதாகக் கற்பதைவிட எளிது.

இரண்டு முட்டியையும் ஒரே நாளில் மாற்றினால் ஒரே மயக்கம், ஒரே அட்மிஷன். ஆனால் இதயம், நுரையீரல் மேல் விழும் சுமை கூடுதல். எழுபத்தைந்து தாண்டியவர்களும் இதய நோய் உள்ளவர்களும் மூன்று மாதம் இடைவெளி விட்டுச் செய்துகொள்வதே பாதுகாப்பு.

செலவு: பில்லில் எதைப் பார்ப்பது?

2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முட்டிக்கு உச்ச விலை விதித்தது. வழக்கமான கோபால்ட்–குரோமியம் வகைக்கு 54,720 ரூபாய், டைட்டானியம் அல்லது ஆக்சிடைஸ்டு சிர்கோனியம் வகைக்கு 76,600 ரூபாய், மறு ஆபரேஷன் வகைக்கு 1,13,950 ரூபாய். ஜிஎஸ்டி தனி. அதன் பிறகும் பல ஆண்டுகள் உச்ச விலை முறை நீட்டிக்கப்பட்டு வந்தது. பில்லில் உறைகளின் விலை தனி வரியாக இருக்க வேண்டும். "பேக்கேஜ்" என்று ஒரே தொகை சொன்னால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. அறை, பிசியோதெரபி, ரத்தம், கூடுதல் நாள் எல்லாம் உச்ச விலைக்குள் வராதவை. மருத்துவமனைக்கு மருத்துவமனை வித்தியாசம் அங்கேதான் வருகிறது.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுக்கலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, திட்டத்தில் சேர்ந்த வேறு இடத்திலோ உள்ள காப்பீட்டு மேசையில், முட்டி மாற்று அங்கே திட்டத்தில் வருகிறதா, முன் அனுமதிக்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்டுவிட்டுத் தேதி குறியுங்கள். அனுமதி வரும் முன் அட்மிஷன் ஆகிப் பணம் கட்டிவிட்டால் திரும்பப் பெறுவது கடினம்.

முதல் மூன்று நாள்

ஆபரேஷன் அன்று மாலையோ மறுநாள் காலையோ வாக்கர் பிடித்து நடக்க வைப்பார்கள். அப்போது பெரிய வலி இருக்காது. வீட்டாருக்கு ஒரே மகிழ்ச்சி, வீடியோ எடுத்து அனுப்புவார்கள். காரணம், தொடையில் போட்ட நரம்பு ஊசியும் முட்டியைச் சுற்றிப் போட்ட மரப்பு மருந்தும் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. இரண்டாம் நாள் அவை இறங்கியதும் நிஜ வலி வரும். "நேத்து நல்லா இருந்தது, இன்னிக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று பதறுவது அப்போதுதான். எதுவும் ஆகவில்லை. இது எதிர்பார்க்க வேண்டிய வலி. மாத்திரையை வலி வந்த பிறகு கேட்காமல், நேரம் பார்த்து வாங்கிச் சாப்பிட வேண்டும்.

தொடை முதல் பாதம் வரை வீங்கும், நீலம் பாரிக்கும். ரத்தம் தோலுக்கடியில் இறங்குவதே காரணம். பொதுவாக மூன்று முதல் ஐந்து நாளில் டிஸ்சார்ஜ்.

முதல் ஆறு வாரம்: இங்கேதான் முட்டி தீர்மானமாகிறது

வெட்டிய இடத்தைச் சுற்றித் தழும்புச் சதை வளரும். முதல் ஆறு வாரம் அது மெழுகுபோல, இழுத்தால் இணங்கும். மூன்று மாதம் தாண்டினால் தோல்வாரைப்போல இறுகிவிடும். "வலி குறையட்டும், அப்புறம் பயிற்சி பண்ணலாம்" என்று காத்திருப்பவரின் முட்டி காத்திருக்காது.

எல்லோரும் "எவ்வளவு மடங்குது?" என்றுதான் கேட்கிறார்கள். அதைவிட முக்கியம், முழுதாக நீள்கிறதா என்பது. ஐந்து, பத்து டிகிரி நீளாமல் நின்றால் அந்தக் கால் குட்டைக் காலாகிவிடும். நடை நொண்டும், தொடைத் தசை எந்நேரமும் இறுகி ஓயும், இடுப்பும் வலிக்கும். அந்தப் பக்கத்து வீட்டம்மா நொண்டுவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இதுவே.

இதற்கு வழி செய்வது பெரும்பாலும் ஒரு தலையணை. வலிக்கிறதே என்று அன்போடு முட்டிக்கு அடியில் தலையணை வைப்பார்கள். மடங்கிய நிலையில் வலி குறையும், நோயாளியும் கண் அயர்வார். முட்டி அந்த மடக்கிலேயே ஒட்டிக்கொள்ளும். தலையணை வைப்பதானால் குதிகாலுக்கு அடியில் மட்டும். முட்டி அந்தரத்தில் நின்று, தன் பாரத்தால் தானாக நீள வேண்டும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். கட்டிலில் காலை நீட்டிப் படுத்து, விரல் மேலே பார்க்க, முட்டியைக் கட்டிலோடு அழுத்தச் சொல்லுங்கள். முட்டிக்கு அடியில் உங்கள் உள்ளங்கையை விட்டுப் பாருங்கள். கை நசுங்கினால் நல்லது. கை தாராளமாக நுழைந்து வந்தால் இன்னும் நீட்ட வேண்டியிருக்கிறது.

அன்றாடப் பயிற்சி:

1. பாதத்தை மேலும் கீழும் ஆட்டுதல். விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் 20 முறை. கெண்டைக்காலில் ரத்தம் உறையாமல் காக்கும்.
2. குதிகாலுக்கடியில் துண்டுச் சுருள் வைத்து முட்டியைக் கீழே அழுத்தி, ஐந்து எண்ணும் வரை பிடித்தல். பத்து முறை, நாளுக்கு நான்கைந்து வேளை.
3. காலை நேராகத் தூக்கிப் பிடித்தல். பத்து முறை.
4. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, நல்ல காலால் ஆபரேஷன் காலைப் பின்னுக்குத் தள்ளி மடக்குதல். வலி தாங்கும் எல்லையில் பத்து விநாடி நிறுத்தி விடுதல்.

பயிற்சிக்கு அரை மணி முன் வலி மாத்திரை, முடிந்ததும் துண்டில் சுற்றிய ஐஸ் 15 முதல் 20 நிமிடம். எண்ணெய் தேய்த்து உருவுவது, வெந்நீர் ஒத்தடம், பச்சிலைக் கட்டு எதுவும் வேண்டாம்.

இலக்கு: இரண்டு வாரத்தில் 90 டிகிரி மடக்கம், மூன்று மாதத்துக்குள் 110 முதல் 120. சமதரையில் நடக்க 65–70 டிகிரி போதும். படியேற 85–90 வேண்டும். தாழ்வான நாற்காலியிலிருந்து எழ 100–க்கு மேல் வேண்டும். குந்தி உட்கார 130–க்கு மேல் போக வேண்டும். அதனால்தான் பெரும்பாலான டாக்டர்கள் குந்துவதை வேண்டாம் என்கிறார்கள். ஆறு வாரத்தில் 90–ஐ எட்டாவிட்டால், மயக்கம் கொடுத்துக் காலை மடக்கிவிடும் வழி உண்டு. மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் பலன்.

பத்தியம் பற்றி ஒரு சொல். "கத்தரிக்காய், முட்டை, மீன் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும்" என்று நிறுத்திவிடுகிறார்கள். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் யார் காயத்தையும் சீழ் பிடிக்க வைத்ததில்லை. காயம் ஆற புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, சுண்டல் தாராளமாகக் கொடுங்கள். கத்திரி வெயில் என்று ஆபரேஷனைத் தள்ளிப்போடவும் தேவையில்லை. வியர்வையில் கட்டு நனைந்தால் மாற்றிவிட வேண்டும், அவ்வளவே. தையல் அல்லது ஸ்டேப்பிள் 10 முதல் 14 நாளில் எடுப்பார்கள்.

வீடும் வெளியும்

டிஸ்சார்ஜுக்கு முன்பே வீட்டை மாற்றுங்கள். இந்தியன் டாய்லெட் மட்டும் இருந்தால் அதன் மேல் வைக்கும் கமோடு நாற்காலி வாங்கி வையுங்கள். சுவரில் பிடிகம்பி வேண்டும். வழுக்கும் மிதியடி, தரையில் கிடக்கும் ஒயர் போன்றவற்றை எடுத்துவிடுங்கள்.

படிக்கு ஒரே விதி: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். டவுன் பஸ்ஸின் முதல் படி உயரம், முதல் ஆறு வாரம் அதைத் தவிர்க்கவும். டூ வீலர் ஓட்ட இரண்டு மூன்று மாதம் ஆகும். தொழுகையை நாற்காலியில் நிறைவேற்றலாம். கோயிலில் தரையில் உட்காராமல் திண்ணை பாருங்கள். முட்டி போட்டால் எலும்பு உடைந்துவிடாது, ஆனால் தழும்பில் குத்தும். சோளிங்கர் மலையில் ஆயிரத்து முந்நூறு படியைப் புது முட்டியோடு ஏற வேண்டாம். 2024–இல் அங்கே ரோப் கார் வந்துவிட்டது.

வீக்கமும் லேசான சூடும் ஆறு மாதம் வரை வந்து போகும். தழும்பின் வெளிப்பக்கத் தோல் மரத்தே இருக்கலாம். நடக்கையில் "டக்" என்று சத்தம் வரும், அது உலோகமும் பிளாஸ்டிக்கும் தொடும் சத்தம். ஓராண்டு வரை முன்னேற்றம் தொடரும். அதற்குப் பிறகும் பத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ எதிர்பார்த்த திருப்தி கிடைப்பதில்லை. இதை ஆபரேஷனுக்கு முன்பே தெரிந்துகொண்டு ஒப்புக்கொள்வதுதான் நியாயம்.

எதற்கு உடனே ஓட வேண்டும்?

1. கெண்டைக்கால் கல்போல இறுகி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். திடீரென மூச்சுத் திணறல், நெஞ்சு வலி வந்தால் உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். 108–ஐ அழையுங்கள்.
2. ஒரு வாரத்துக்குப் பிறகும் காயத்தில் நீர் கசிந்தால், குறைந்துவந்த வலி மீண்டும் ஏறினால், காய்ச்சலும் சிவப்பும் சேர்ந்தால் கிருமித்தொற்று என்று சந்தேகிக்க வேண்டும்.
3. பாதத்தை மேலே தூக்க முடியாவிட்டால் நரம்பு பாதிப்பு.

இரண்டாவதில் அடிக்கடி நடக்கும் தவறு, மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்குவது. காய்ச்சல் இறங்கும், கிருமி உலோகத்தின் மேல் படலமாக ஒட்டிக்கொண்டு உயிரோடு இருக்கும். பிறகு மூட்டு நீரை எடுத்துச் சோதித்தாலும் எந்தக் கிருமி என்று தெரியாமல் போகலாம். முதல் சில வாரத்திலேயே பிடித்தால் மூட்டைக் கழுவி, பிளாஸ்டிக் தட்டை மட்டும் மாற்றிக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. தாமதித்தால் முழு உறையையும் கழற்றி, மருந்து கலந்த சிமென்ட்டை வைத்து, மாதங்கள் கழித்துப் புதிது போட வேண்டிவரும். இந்தத் தொற்று நூற்றில் ஓரிருவருக்குத்தான். அந்த ஒருவருக்கு அது ஓராண்டுப் போராட்டம்.

எத்தனை ஆண்டு வரும்?

2019–இல் வெளியான ஆய்வு ஒன்று, வெளிநாட்டுப் பதிவேடுகளில் உள்ள பெரும் எண்ணிக்கையிலான முட்டிகளைத் தொகுத்துப் பார்த்தது. முழு முட்டி மாற்றுகளில் 100–க்கு 82, இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் மாற்றத் தேவையின்றி இருந்தன. ஐம்பது வயதில் செய்துகொள்பவருக்கு ஆயுளில் இன்னொரு முறை மாற்ற வேண்டிவரும் வாய்ப்பு கூடுதல். அறுபத்தைந்தில் செய்பவருக்குப் பெரும்பாலும் ஒன்றே போதும்.

நன்றாக இருந்த முட்டியில் பல ஆண்டு கழித்து, எழுந்து முதல் சில அடி வைக்கும்போது மட்டும் வலி வந்தால் சிமென்ட் தளர்ந்திருக்கலாம். எக்ஸ்ரே எடுத்துப் பழையதோடு ஒப்பிட வேண்டும். அப்போது டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "உள்ளே இருப்பது எந்தக் கம்பெனி, என்ன சைஸ்?" ஆபரேஷன் அன்று உறைகளின் பெட்டியிலிருந்து உரித்த சிறிய ஸ்டிக்கர்களைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். அதில் கம்பெனி, அளவு, பேட்ச் எண் எல்லாம் இருக்கும். டிஸ்சார்ஜ் அன்றே அந்தப் பக்கத்தின் நகலை வாங்கி, ரேஷன் கார்டு வைக்கும் அதே கவரில் போட்டு வையுங்கள்.